ஓர் அடிக்கு விழும் போக்கிமானை வைத்து வெல்வது எப்படி?

கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் போக்கிமான் என்ற கற்பனை உயிர்களை வளர்த்துப் போரிடவிடும் வீடியோ கேமை ஆடும் இளைஞர்கள் நான்கு பேர் கூடினால், அலகசாம் என்ற போக்கிமானைப் பற்றி இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்து விழும். "தொட்டாலே விழுந்துவிடும், அதை யாராவது அணியில் சேர்ப்பார்களா?" என்பது ஒன்று. "வேகமும் பலமும் இருக்கிறது, இறக்கிவிட்டால் போதும்" என்பது மற்றொன்று. இரண்டில் எதை நம்பி ஆடினாலும் தோல்விதான் கிடைக்கிறது. முதல் கூட்டம் அலகசாமின் தொடக்க வடிவமான அப்ராவைப் பிடித்த கையோடு பெட்டியில் போட்டு மறந்துவிடுகிறது. இரண்டாவது கூட்டம் அலகசாமை நேராகப் போரில் இறக்கி, முதல் சுற்றிலேயே இழந்துவிட்டு, பழியை அதன்மேல் போடுகிறது.

மெலிந்த போக்கிமானை ஆடுவது ஒரு தனிக் கலை. அதற்குள் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளப் பெரிய அனுபவம் எதுவும் தேவையில்லை. அலகசாமையே எடுத்துக்காட்டாக வைத்து அதைப் பார்ப்போம். இங்கே வரும் எண்கள் 2013-இல் வெளிவந்த எக்ஸ், ஒய் ஆட்டங்களின் கணக்குப்படி அமைந்தவை.

கபடிக் களத்தில் நிற்பவர்

பொங்கல் நாள்களில் கடலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடிப் போட்டி பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாடிப் போகிறவர்களில் ஒல்லியான ஒருவர் இருப்பார். எதிரணியின் மூலையில் நிற்கும் கனத்த ஆள் அவர் காலைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடும் பலம் அவரிடம் இல்லை. ஆனாலும் புள்ளிகளை அள்ளுவது அவர்தான். பிடி விழுவதற்கு முன்பே தொட்டுவிட்டுத் திரும்புவதுதான் அவருடைய ஆட்டம். அவரை எப்போது அனுப்புவது, எதிரணியில் யார் வெளியே இருக்கும்போது அனுப்புவது என்பதெல்லாம் அணித்தலைவரின் பொறுப்பு.

அலகசாமின் வேலையும் இதுதான். அடி விழாத நேரத்தில் களத்தில் இருப்பதும், விழப்போகும் அடிக்கு முன்னால் தன் அடியைக் கொடுப்பதும்தான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியவை. அந்த நேரத்தை அமைத்துக் கொடுக்க வேண்டியவர் ஆடுகிறவர்.

உயிர்ப்புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள்

புதியவர்கள் ஒரு போக்கிமானின் வலிமையை அதன் உயிர்ப்புள்ளியை வைத்து எடைபோடுகிறார்கள். உயிர்ப்புள்ளி என்பது அது விழும்வரை எவ்வளவு சேதம் ஏற்கும் என்ற எண். அதோடு தற்காப்பு, சிறப்புத் தற்காப்பு என இரண்டு எண்கள் உண்டு. நிலநடுக்கம், குத்து போன்ற உடல்வழித் தாக்குதல்களின் சேதத்தைத் தற்காப்பு குறைக்கும். மனோசக்தி, ஒளி போன்ற சிறப்புத் தாக்குதல்களின் சேதத்தைச் சிறப்புத் தற்காப்பு குறைக்கும்.

சேதக் கணக்கில் தாக்குபவரின் பலம் மேலேயும் தாங்குபவரின் தற்காப்பு கீழேயும் வகுபடும். தற்காப்பு இரட்டித்தால் சேதம் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே ஒரு போக்கிமானின் உண்மையான உறுதியை அறிய உயிர்ப்புள்ளியையும் தற்காப்பையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

மூன்று போக்கிமான்களை 50-ஆம் லெவலில், பயிற்சி எதுவும் சேர்க்காமல் பெருக்கிப் பார்ப்போம். அலகசாமின் உயிர்ப்புள்ளி 130, தற்காப்பு 65, பெருக்கினால் 8,450. ஷக்கிள் என்ற சின்ன ஆமைப்பூச்சிக்கு உயிர்ப்புள்ளி வெறும் 95. ஆனால் தற்காப்பு 250, பெருக்கம் 23,750. உயிர்ப்புள்ளியில் அலகசாமைவிடச் சிறியதாக இருந்தும் உறுதியில் அது இரண்டரை மடங்குக்கும் மேல்.

அடுத்தது பிளிஸ்ஸி. உயிர்ப்புள்ளி 330 என்றதும் அதை யாராலும் சாய்க்க முடியாது என்று தோன்றும். அதன் தற்காப்போ 30 மட்டுமே. பெருக்கினால் 9,900. உடல்வழி அடியைப் பொறுத்தவரை அந்தப் பருத்த பிளிஸ்ஸியும் நம் அலகசாமும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் நிற்கின்றன! சிறப்புத் தாக்குதலை எதிர்த்தால் மட்டுமே பிளிஸ்ஸி மலை: 330-ஐ 155-ஆல் பெருக்கினால் 51,150. அலகசாமுக்கு அதே கணக்கு 14,950.

ஆக, ஒரு போக்கிமான் மெலிந்ததா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வகை அடிக்கு மெலிந்தது என்று கேட்க வேண்டும். அலகசாமுக்கு உடல்வழி அடி ஆபத்து. சிறப்புத் தாக்குதலில் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

பழைய ஆட்டங்களிலிருந்து வருகிறவர்கள் "அலகசாம் நன்றாகத் தாங்குமே" என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 1996-இல் வெளிவந்த முதல் ஆட்டங்களில் சிறப்புத் தாக்குதலுக்கும் சிறப்புத் தற்காப்புக்கும் சேர்த்து ஒரே எண்தான் இருந்தது. அலகசாமுக்கு அதன் மூல அளவு (லெவலைப் பொறுத்து மாறாத, இனத்துக்கே உரிய எண்) 135. 1999-இல் கோல்ட், சில்வர் ஆட்டங்களில் அதை இரண்டாகப் பிரித்தபோது தாக்குதல் 135-ஆக நின்றது, தற்காப்பு 85-க்கு இறங்கியது. 2013-இல் அது 95 ஆனது.

உருமாற்றம் எதை மாற்றாது

உருமாற்றம் என்பது ஒரு போக்கிமான் அதே உயிராக இருந்தபடி அடுத்த வடிவத்துக்கு வளர்வது. அப்ரா 16-ஆம் லெவலில் கடாப்ராவாகிறது. கடாப்ராவை வேறொருவருக்குப் பரிமாற்றம் செய்தால் அலகசாம் ஆகிறது.

அப்ராவை வளர்ப்பதில் பொறுமை வேண்டும். லெவல் ஏறுவதால் அது கற்கும் ஒரே மூவ், அதாவது போரில் செய்யக்கூடிய செயல், டெலிபோர்ட். தப்பி ஓடுதல் என்று பொருள். காட்டில் எதிர்ப்பட்டாலும் அதையே செய்து மறைந்துவிடும். முதல் சுற்றிலேயே குவிக் பால் என்ற பிடிக்கும் பந்தை எறிவது நல்லது. பிடித்தபின் 16-ஆம் லெவல் வரை அனுபவப் பங்கீட்டின் உதவியோடு மற்றவர்களின் வெற்றியில் அது வளரட்டும். மூன்று, நான்கு லெவல்களில் சலித்துப்போய்க் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு உருமாற்றத் தூரத்தில்தான் அதன் முதல் தாக்குதல் மூவ் காத்திருக்கிறது.

பரிமாற்றத்துக்கு நம்பகமான நண்பர் ஒருவர் போதும். நீங்கள் கடலூரிலும் அவர் புதுச்சேரியிலும் இருந்தாலும் இணையவழி கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கடாப்ராவை அதிக லெவல் வரை வைத்திருந்து பிறகு மாற்றினால் பலம் கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதில் உண்மை இல்லை. கடாப்ரா ஆன அன்றே பரிமாற்றம் செய்யலாம். 2022-இல் வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் ஆட்டத்தில் லிங்கிங் கார்ட் என்ற பொருளே பரிமாற்றத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒவ்வோர் இனத்துக்கும் ஆட்டம் நிர்ணயித்திருக்கும் மூல அளவுக்கு அடிப்படை எண் என்று பெயர். அப்ராவின் உயிர்ப்புள்ளிக்கான அடிப்படை எண் 25, கடாப்ராவுக்கு 40, அலகசாமுக்கு 55. தற்காப்பு 15, 30, 45. சிறப்புத் தாக்குதல் 105, 120, 135. வேகம் 90, 105, 120. ஒவ்வொரு படியிலும் பதினைந்து பதினைந்தாக ஏறுகிறது. சிறப்புத் தற்காப்பு மட்டும் கடைசிப் படியில் சற்றுக் கூடுதலாக ஏறுகிறது.

சிறப்புத் தாக்குதலிலிருந்து தற்காப்பைக் கழித்துப் பாருங்கள். அப்ராவில் 90, கடாப்ராவில் 90, அலகசாமிலும் 90. உருமாறியதும் பலவீனம் போய்விடும் என்று எதிர்பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இடைவெளியைத்தான். உடல் வளர்கிறது; அந்த இடைவெளி அப்படியே தொடர்கிறது. சுற்றியிருக்கும் எதிரிகளும் வளர்ந்திருப்பதால், அப்ராவுக்கு இருந்த ஆபத்து அலகசாமுக்கும் இருக்கிறது.

உருமாற்றத்தில் தொடரும் இன்னொன்று இயல்புத்திறன். ஒவ்வொரு போக்கிமானுக்கும் பிறவியிலேயே இருக்கும் சிறப்புத் தன்மை அது. அலகசாமுக்கு வேண்டிய மேஜிக் கார்ட் என்ற மறை இயல்புத்திறன் அப்ராவிலேயே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 2020 முதல் கிடைக்கும் எபிலிட்டி பேட்ச் என்ற அரிய பொருளைச் செலவழிக்க நேரும். அது ஏன் வேண்டும் என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உறுதி என்பது உயிர்ப்புள்ளியும் தற்காப்பும் சேர்ந்த பெருக்கம், உருமாற்றம் அந்த உறுதியைக் கொஞ்சம் உயர்த்தும், பலவீனத்தின் வடிவத்தை மாற்றாது.

பயிற்சியை எங்கே போடுவது

போட்டியில் ஆடும் போக்கிமானுக்கு ஈ.வி. எனப்படும் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்கப்படும். மொத்தம் 510 புள்ளிகள்; ஒரு திறனுக்கு அதிகபட்சம் 252. அதாவது இரண்டு திறன்களை மட்டுமே முழுமையாக வளர்க்க முடியும்.

புதியவர்களின் மனம் இங்கே இரக்கத்தில் தடுமாறுகிறது. "உயிர் குறைவாக இருக்கிறதே, அதில் போடுவோம்" என்கிறார்கள். போட்டால் என்ன ஆகும்? அலகசாமின் உயிர்ப்புள்ளி 130-லிருந்து 162 ஆகும். எதிரே கார்சோம்ப் என்ற டிராகன் வகைப் போக்கிமான் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்குதலிலும் வேகத்திலும் முழுப் பயிற்சி பெற்ற கார்சோம்ப், ஒருவருக்கு ஒருவர் போரில் எர்த்குவேக் மூவைப் போட்டால் அலகசாம் வாங்கும் சேதம் 159 முதல் 187 வரை. 252 புள்ளிகளையும் உயிருக்குக் கொட்டிய பிறகும், சேதம் ஆகக் கீழே அமையும் அபூர்வ வேளையில்தான் அது பிழைக்கும். செலவழித்த பயிற்சி ஏறக்குறைய முழுவதும் வீண்.

அதே 252 புள்ளிகளை வேகத்தில் போடுவோம். பயிற்சியில்லாத அலகசாமின் வேகம் 140. முழுப் பயிற்சி பெற்ற கார்சோம்பின் வேகம் 154. வேகத்தைக் கூட்டும் குணம் அமைந்திருந்தால் 169. அதாவது பயிற்சியில்லாத அலகசாம் கார்சோம்புக்குப் பின்னால்தான் அடிக்கும். அடிக்கும் வாய்ப்பே கிடைக்காது. 252 புள்ளிகள் சேர்ந்ததும் வேகம் 172 ஆகிறது. டிமிட் என்ற குணமும் சேர்ந்தால் 189. குணம் என்பது ஒரு திறனைப் பத்து விழுக்காடு கூட்டி இன்னொன்றைப் பத்து விழுக்காடு குறைக்கும் பிறவித் தன்மை. டிமிட் குறைப்பது உடல்வழித் தாக்குதலை. அலகசாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

169-க்கும் 172-க்கும் இடையே மூன்றே புள்ளிகள்தான் இடைவெளி. வேகத்தில் வித்தியாசத்தின் அளவு பொருட்டில்லை. ஒரு புள்ளி முன்னால் இருந்தாலும் முழு அடியும் முதலில் விழும். உயிர்ப்புள்ளியில் 32 கூடியும் கிடைக்காத பாதுகாப்பு வேகத்தில் ஒரு புள்ளி கூடினால் கிடைக்கக்கூடும். மெலிந்த போக்கிமானை வளர்ப்பதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தப் பாடத்தைத்தான். மீதி 252 சிறப்புத் தாக்குதலுக்குப் போகட்டும்.

முதல் அடியில் எதிரி விழாவிட்டால்

வேகமாக அடித்தால் போதுமா என்றால் போதாது. டிமிட் குணமும் முழுச் சிறப்புத் தாக்குதல் பயிற்சியும் பெற்ற அலகசாம், கார்சோம்பின்மேல் டேசிலிங் கிளீம் என்ற தேவதை வகை மூவைப் போடுகிறது. டிராகன் வகைக்கு அது இரட்டிப்பாக வலிக்கும். அப்படியும் சேதம் 108 முதல் 128 வரைதான். கார்சோம்பின் உயிர்ப்புள்ளி 183. அது எழுந்து நின்று எர்த்குவேக்கைப் போடும், அலகசாம் விழுந்துவிடும்.

இங்கேதான் ஃபோகஸ் சாஷ் வருகிறது. 2006-இல் டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில் அறிமுகமான இந்தப் பொருளை வைத்திருக்கும் போக்கிமான், உயிர்ப்புள்ளி முழுமையாக இருக்கும்போது வாங்கும் எந்தக் கொலை அடியிலும் ஒரு புள்ளியோடு பிழைக்கும். ஒரு முறைதான் வேலை செய்யும்.

மேலே சொன்ன போரைச் சாஷோடு திரும்ப ஆடிப் பாருங்கள். முதல் சுற்றில் அலகசாம் முதலில் அடிக்கிறது. கார்சோம்ப் குறைந்தது 108 இழக்கிறது. கார்சோம்பின் எர்த்குவேக் வருகிறது, சாஷ் கிழிகிறது, அலகசாம் ஒரே புள்ளியோடு நிற்கிறது. இரண்டாம் சுற்றிலும் அலகசாமே வேகமானது. இன்னொரு டேசிலிங் கிளீம். இரண்டும் சேர்ந்து குறைந்தது 216. கார்சோம்பிடம் இருந்ததோ 183. கார்சோம்ப் விழுகிறது. ஒரே அடியில் விழக்கூடிய போக்கிமான், போட்டியில் மிகவும் அஞ்சப்படும் தாக்குநர்களில் ஒன்றை நேருக்கு நேர் வீழ்த்திவிட்டது. வேகம், சாஷ் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இது நடந்திருக்காது.

சாஷுக்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதை மறக்கக் கூடாது: உயிர்ப்புள்ளி முழுமையாக இருக்க வேண்டும். எதிரணி ஸ்டெல்த் ராக் என்ற மூவால் களத்தில் கூர்ங்கற்களைப் பரப்பியிருந்தால், உள்ளே வரும்போதே அலகசாம் எட்டில் ஒரு பங்கை, அதாவது 16 புள்ளிகளை இழக்கும். அதன்பின் சாஷ் வெறும் துணிதான். மணற்புயலும் அப்படியே.

மேஜிக் கார்டின் அருமை இப்போது புரியும். நேரடித் தாக்குதலைத் தவிர வேறு எந்த வழியிலும் சேதம் வராமல் அது தடுக்கிறது. கூர்ங்கல், மணற்புயல், நஞ்சு, தீக்காயம் எதுவும் உயிர்ப்புள்ளியைத் தொடாது. சாஷ் முழுமையாக உள்ளே வரும். சேதத்தை முப்பது விழுக்காடு கூட்டிவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் வைத்திருப்பவரின் உயிரிலிருந்தே விலை கேட்கும் லைஃப் ஆர்ப் என்ற பொருளையும் மேஜிக் கார்ட் இருந்தால் விலை கொடுக்காமல் பயன்படுத்தலாம். சாஷா, ஆர்ப்பா என்று கேட்டால், புதியவர்களுக்கு நான் சாஷையே சொல்வேன். அடியின் கணக்கு கைவரும்வரை ஒரு பிழையையாவது அது பொறுத்துக்கொள்ளும்.

எப்போது உள்ளே அனுப்புவது

ஒரு போக்கிமானைத் திரும்ப அழைத்து இன்னொன்றை அனுப்புவது ஒரு சுற்றைச் செலவழிக்கும். எதிரி அந்தச் சுற்றில் போட்ட அடி உள்ளே வருபவர்மேல் விழும். அலகசாமை அப்படி அனுப்பினால் சாஷ் அங்கேயே போய்விடும். நம் போக்கிமான் ஒன்று விழுந்த பிறகு அனுப்பினால் அடி விழாது. மெதுவான தோழர் ஒருவர் எதிரியின் அடியை வாங்கியபின், அடித்துவிட்டு இடம் மாறும் யூ-டர்ன் என்ற மூவைப் போட்டுத் திரும்பினாலும் அலகசாம் பத்திரமாக உள்ளே வரும். இந்த இரண்டு வாசல்களையும் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

‘போக்கிமான் கோ’ என்ற கைபேசி ஆட்டத்தில் போர் நிகழ்நேரத்தில் நடப்பதால் இந்தச் சுற்றுக் கணக்கு அங்கே பொருந்தாது. அங்கு கடாப்ராவை நண்பரோடு பரிமாற்றம் செய்தால் மிட்டாய் செலவில்லாமல் அலகசாமாக்கலாம் என்பது மட்டும் பயனுள்ள செய்தி.

வேகமே இல்லாமல் நிற்கும் ஒன்று

மெலிவின் எல்லை எது என்று கேட்டால் ஷெடிஞ்சா என்ற போக்கிமானைக் காட்ட வேண்டும். எந்த லெவலிலும் அதன் உயிர்ப்புள்ளி ஒன்றுதான். எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது. அதன் பிறப்பும் வியப்பானது. நின்கடா என்ற போக்கிமான் 20-ஆம் லெவலில் நின்ஜாஸ்க்காக உருமாறும்போது, உங்கள் அணியில் ஓர் இடம் காலியாகவும் பையில் ஒரு போக்கே பாலும் இருந்தால், உதிர்ந்த கூடு தானே ஓர் உயிராக அந்த இடத்தில் வந்து அமர்கிறது. முந்திரித் தோப்புகளில் மரப்பட்டையோடு ஒட்டிக் கிடக்கும் சிள்வண்டுக் கூட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் உடனே பிடிபடும்.

ஷெடிஞ்சாவின் வேகம் மிகக் குறைவு. அதைக் காப்பது வொண்டர் கார்ட் என்ற இயல்புத்திறன்: அதன் வகைக்கு இரட்டிப்பாக வலிக்கும் தாக்குதல்கள் மட்டுமே அதைத் தொடும். நெருப்பு, பறவை, பாறை, ஆவி, இருள் ஆகிய ஐந்து வகைகள்தான் அவை. அந்த ஐந்தும் எதிரியிடம் இல்லையென்றால் நேரடித் தாக்குதலால் அதை வீழ்த்த வழியில்லை. ஆனால் ஒரு கூர்ங்கல்லோ, ஒரு சுற்று மணற்புயலோ, சிறு தீக்காயமோ போதும், முடிந்துவிடும். அலகசாம் முந்தி அடித்துப் பிழைக்கிறது. ஷெடிஞ்சா வகையால் பிழைக்கிறது.

வேகம் கைவிடும் இடங்கள்

எதிரி சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற பொருளை அணிந்திருந்தால் அதன் வேகம் ஒன்றரை மடங்காகும். கார்சோம்பின் 154-உம் 231 ஆகி, நம் 189-ஐத் தாண்டிவிடும். டிரிக் ரூம் என்ற மூவ் சில சுற்றுகளுக்கு வரிசையையே தலைகீழாக்கும்; மெதுவானவர் முதலில் அடிப்பார். பக்கவாதம் பிடித்தால் வேகம் சரியும். இவற்றையெல்லாம் முன்கூட்டி ஊகிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானவை முன்னுரிமை மூவ்கள். வேகம் எதுவாக இருந்தாலும் இவை சாதாரண மூவ்களுக்கு முன்பாகவே நிகழும். சாஷ் கிழிந்து ஒற்றைப் புள்ளியோடு நிற்கும் அலகசாமுக்கு எவ்வளவு சிறிய முன்னுரிமை அடியும் போதும். அதிலும் சக்கர் பஞ்ச் என்ற முன்னுரிமை மூவ் இருள் வகையைச் சேர்ந்தது. அலகசாமுக்கு இரட்டிப்பாக வலிக்கும். சைக்கிக் டெரெய்ன் என்ற களநிலை இருந்தால், தரையில் நிற்பவர்கள்மேல் எதிரியின் முன்னுரிமை மூவ்கள் பலிக்காது. இன்டீடீ போன்ற தோழர் உள்ளே வந்தவுடனேயே அந்தக் களநிலையை விரித்துவிடும் என்பதால், அலகசாமோடு சேர்த்து ஆட அது நல்ல துணை.

துணை இல்லாதபோதும் சக்கர் பஞ்சை ஏமாற்றலாம். அதற்கு ஒரு குறை இருக்கிறது: இலக்கு அந்தச் சுற்றில் தாக்குதல் மூவைத் தேர்ந்தெடுத்திருந்தால்தான் அது பலிக்கும். அலகசாம் தாக்காமல், தற்காத்துக்கொள்ளும் ப்ரொடெக்ட் மூவைப் போட்டால் சக்கர் பஞ்ச் வீணாகும். எதிரி அதை உணர்ந்து அடுத்த சுற்றில் வேறு மூவைத் தேர்ந்தால், அப்போது முதலில் அடிப்பது நாம். இந்த ஊகப் போரை இலவசமாகப் பழகப் போக்கிமான் ஷோடவுன் என்ற இணையப் போர்க்களம் இருக்கிறது. கடலூரில் பஸ் ஏறி அரியாங்குப்பம் வருவதற்குள் கைபேசியிலேயே சில போர்களை ஆடிவிடலாம். ஆடும்போது எதிரி எத்தனை முறை சக்கர் பஞ்ச் போட்டார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். அந்த மூவை முழுவதும் வளர்த்தாலும் ஒரு போரில் எட்டு முறைக்கு மேல் போட முடியாது.